பெயர் ஒட்டாத ஊசி

2014 ஆகஸ்டில் கோப்பன்ஹேகனில் நடந்த உலகப் பூப்பந்துப் போட்டியில் லீ சோங் வெய் இறுதியாட்டம் வரை போய் வெள்ளிப் பதக்கத்தோடு வந்தார். புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவர் என்பதால் பினாங்குக்காரர்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி. சில மாதங்களில் அவருடைய சிறுநீர் மாதிரியில் டெக்சாமெத்தசோன் இருந்தது என்ற செய்தி வந்தது. தொடைக் காயத்துக்கு எடுத்த சிகிச்சையின் மேல்தான் முதலில் எல்லார் பேச்சும் திரும்பியது. 2015 ஏப்ரலில் விசாரணைக் குழு வேறொரு விளக்கத்தை ஏற்றுக்கொண்டது: உடம்புக்கு நல்லது என்று அவர் சாப்பிட்ட கார்டிசெப்ஸ் குளிகையின் ஜெலட்டின் உறையில் அந்த மருந்து கலந்திருந்தது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று குழு சொன்னது. ஆனாலும் எட்டு மாதத் தடை, முன்தேதியிட்டு. பதக்கமும் போனது.

பின்னால் மருத்துவர், பயிற்றுநர், சங்க அதிகாரிகள் என்று ஒரு கூட்டமே நின்ற ஓர் ஆட்டக்காரரின் உடம்புக்குள் ஸ்டீராய்டு எந்த வழியாகப் போனது என்று தெரிந்துகொள்ள ஒரு விசாரணைக் குழு உட்கார வேண்டியிருந்தது. முழங்கால் வலியோடு லெபோ பாசார் பக்கத்துக் கிளினிக்கில் ஓர் ஊசி, தோள் வலிக்குப் பிறையில் இன்னோர் ஊசி, நடுவில் அக்கம்பக்கத்தார் கொடுத்த மக்ஜூன் என்ற நாட்டு மருந்து உருண்டை என்று நாளைக் கடத்தும் அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு யார் குழு அமைக்கப் போகிறார்கள்?

ஸ்டீராய்டு ஊசி நல்லதா கெட்டதா என்பது நம் வீடுகளில் பழைய சண்டை. "ஒரே ஊசியில் எழுந்து நடந்தார்" என்பது ஒரு கட்சி. "எலும்பைத் தின்றுவிடும், தொடாதே" என்பது இன்னொரு கட்சி. எழுபத்தைந்து ஆண்டு ஆய்வுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் அந்தச் சண்டைக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. எந்த நோய்க்கு, எந்த இடத்தில், எத்தனை முறை என்று கேட்டால் மருத்துவம் ஓரளவு தெளிவாகவே பதில் சொல்கிறது. ஒருவர் உடம்பில் ஏறிய மொத்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விதான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தசை பெருக்க உடற்பயிற்சிக் கூடங்களில் திருட்டுத்தனமாகப் போடப்படும் ஸ்டீராய்டு வேறு. அது ஆண் ஹார்மோனின் உறவு. இங்கே பேசுவது சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் புறணியில் ஊறும் கார்ட்டிசோலையும், அதன் சாயலில் ஆலைகளில் செய்த மருந்துகளையும் பற்றி. இவை தசையைப் பெருக்குவதில்லை. நெடுநாள் எடுத்தால் கரைத்துவிடும்.

1948 செப்டம்பர் 21. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்த ஓர் இளம் பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், அப்போது 'இ சேர்மம்' என்று மட்டும் அறியப்பட்ட ஒன்றை ஊசியாகப் போட்டார். கர்ப்பமாக இருக்கும்போதும் மஞ்சள் காமாலை வந்தபோதும் முடக்குவாதக்காரர்களின் வலி தணிவதை அவர் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருந்தார். மாட்டின் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் மெர்க் நிறுவனம் தயாரித்துத் தந்த மருந்து அது. நாளொன்றுக்கு 100 மி.கி. சில நாட்களிலேயே அந்தப் பெண் நடந்து கடைக்குப் போய்வந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. உருண்ட முகம், வீங்கிய வயிறு, மனக்குழப்பம், மருந்தை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பிய வலி என்று மறுபக்கமும் ஏறக்குறைய அதே வேகத்தில் தெரிய வந்துவிட்டது. உடம்பு முழுக்கக் கொடுப்பதால்தானே இத்தனை தொல்லை, வலிக்கிற மூட்டுக்குள் மட்டும் போட்டால் என்ன என்று பிலடெல்பியாவின் ஜோசப் ஹாலண்டர் யோசித்தார். 1951இல் அவர் மூட்டுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் போட்டதை வெளியிட்டார். இன்று ஜார்ஜ்டவுன் கிளினிக்குகளில் முழங்காலில் இறங்கும் ஊசி அந்த யோசனையின் வாரிசுதான்.

மருந்து வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து, அங்கிருக்கும் ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு, உட்கருவுக்குப் போய், அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் செய்யும் மரபணுக்களை அடக்குகிறது. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் கடலை சாப்பிட்டோ குளவி கொட்டியோ மூச்சடைத்து ஒருவர் விழுந்தால் முதலில் போட வேண்டியது அட்ரீனலின். ஸ்டீராய்டு அடுத்த வரிசையில்தான் நிற்கும். இந்த வரிசையை மாற்றிப் போட்டு உயிர் போன சம்பவங்கள் மருத்துவ நூல்களில் உண்டு. இன்னொன்று, இந்த அடக்குமுறைக்கு நல்லது கெட்டது தெரியாது. மூட்டில் தேவையில்லாமல் எரியும் நெருப்பையும் அது அணைக்கும், கிருமி வந்தால் எரிய வேண்டிய நெருப்பையும் அணைக்கும்.

உயிர் காக்கும் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இங்கே சர்ச்சை குறைவு. கடுமையான ஆஸ்துமாவில் ஹைட்ரோகார்ட்டிசோன். அட்ரீனல் சுரப்பி கைவிட்டு ரத்த அழுத்தம் சரிந்தால் அதே மருந்து 100 மி.கி., உடனே. மூளைக்காய்ச்சலில் குறிப்பிட்ட வகைகளுக்கு டெக்சாமெத்தசோன். கோவிட் காலத்தில், 2020 ஜூனில், பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு நாளுக்கு 6 மி.கி. டெக்சாமெத்தசோன் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்ததைக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது. இந்த இரண்டாவது பாதியைப் பலரும் படிக்கவில்லை. 2021இல் இந்தியாவின் இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு தாராளமாகக் கொடுக்கப்பட்டது. கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் அதோடு சேர்ந்தபோது கரும்பூஞ்சை வந்தது. ஜூன் முடிவதற்குள் 40,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தார்கள். கண்ணையும் தாடையையும் இழந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இருந்தார்கள்.

ஆனால் ஓர் ஊசியைப் பற்றி மட்டும் நின்று பேசத்தான் வேண்டும். அது நம் பெண்கள் பலருக்குப் பிரசவ வார்டில் போடப்பட்டிருக்கும். என்னவென்று அவர்களிடம் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். குறைமாதத்தில் வலி எடுத்து வரும் தாய்க்கு பீட்டாமெத்தசோன் 12 மி.கி., இருபத்து நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, தொடையிலோ பிட்டத்திலோ. ஊசி தாய்க்கு, பலன் குழந்தைக்கு. மருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போய்ப் பிஞ்சு நுரையீரலை அவசரமாகப் பழுக்க வைக்கிறது. பிறந்ததும் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிகின்றன. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ் செம்மறி ஆடுகளில் வேறெதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். பிழைக்கவே கூடாத குறைமாதக் குட்டி ஒன்று மூச்சு விட்டதைக் கண்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பது மருத்துவ உலகில் பிரபலமான கதை. ராஸ் ஹவியோடு சேர்ந்து மனிதர்களில் செய்த ஆய்வை 1972இல் வெளியிட்டார். அதன் பிறகும் பல ஆண்டுகள் பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்கள் இந்த ஊசியைப் போடவில்லை. சிதறிக் கிடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பிறகே அதன் பலன் ஐயமில்லாமல் தெரிந்தது. அப்படிச் சேர்த்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் சிறு கோடுகள் இந்த ஊசியின் ஆய்வு முடிவுகள்தாம். ஸ்டீராய்டு என்றதும் முகம் சுளிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இனி மூட்டுக்கு வருவோம். பினாங்கில் ஸ்டீராய்டு ஊசி பற்றிய பேச்சில் பெரும்பகுதி முழங்காலைச் சுற்றியே நடக்கிறது. தைப்பூசம் நெருங்கினால் "தண்ணீர்மலை ஏறணும் டாக்டர், ஒன்னு போட்டு விட்ருங்க" என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நாள் முழுக்க ஒரே அசைவைச் செய்யும் கைகளுக்கு மடங்கிய விரல், கட்டை விரலடியில் நரம்பு இழுத்த மாதிரி வலி, மணிக்கட்டு மரமரப்பு வருகின்றன. இவற்றுக்கும் இந்த ஊசி உண்டு. மடங்கிய விரலுக்கு அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. பலருக்கு அறுவை சிகிச்சையைத் தவிர்த்துவிடுகிறது. இறுகிப்போன தோளுக்கும் ஆரம்ப மாதங்களில் நல்ல பலன் தெரிகிறது.

ஊசி போடும் முறையைக் கிட்டே நின்று பார்த்தால் இரண்டு விதக் குப்பிகள் தெரியும். டெக்சாமெத்தசோன் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். டிரையம்சினோலோனும் மெத்தில்பிரெட்னிசோலோன் அசிட்டேட்டும் பால் நிறம். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், குலுக்கித்தான் எடுக்க வேண்டும். அந்த வெண்மை கரையாத நுண்படிகங்கள். மூட்டுக்குள் அவை மெல்ல மெல்லக் கரைவதால் பலன் வாரக்கணக்கில் நிற்கிறது. கவனமான மருத்துவர் முழங்காலில் ஊசியை இறக்கியதும் மருந்தை உடனே செலுத்துவதில்லை. முதலில் உள்ளே இருக்கும் நீரை இழுத்துப் பார்ப்பார். வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்தால் சரி. கலங்கலாக வந்தால் கிருமி இருக்கலாம் என்று நிறுத்தி, நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவார். அந்த ஒரு நிமிட நிதானத்தில்தான் நல்ல கிளினிக்கை அடையாளம் காண முடியும். போட்ட அன்று இரவோ மறுநாளோ வலி கூடினால், அந்தப் படிகங்கள் மூட்டை உறுத்துவதால் இருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் அடங்கும். அடங்காமல் காய்ச்சலும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

தேய்ந்த முழங்காலுக்கு இந்த ஊசி எவ்வளவு நாள் உதவும்? சில வாரங்கள். மூன்று மாதத்தைத் தாண்டிப் பலன் நிற்பதற்குச் சான்று மெலிந்தது. திரும்பத் திரும்பப் போட்டால்? 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில் 140 பேருக்கு இரண்டு ஆண்டுகள், பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பாதிப் பேருக்கு 40 மி.கி. டிரையம்சினோலோனும் பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீரும் போட்டார்கள். வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு 0.21 மி.மீ. மெலிந்தது, உப்பு நீர் போட்டவர்களுக்கு 0.10 மி.மீ. முழங்கை வெளிப்பக்க வலிக்கு நிலைமை இன்னும் மோசம். 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் ஊசி போட்டவர்கள் முதல் சில வாரம் மற்றவர்களைவிடச் சுகமாக இருந்தார்கள். ஓராண்டுக்குள் அவர்களில் 54 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது. மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 12 விழுக்காட்டினருக்கே திரும்பியது. ஒரு மூட்டுக்கு ஆண்டில் மூன்று நான்கு முறைக்கு மேல் வேண்டாம் என்று எல்லாரும் சொல்லும் வரம்பு பெரும்பாலும் அனுபவத்தில் பிறந்த வழக்கம். கறாரான ஆய்வில் பிறந்ததல்ல. என்னைக் கேட்டால், முதல் ஊசி கொடுத்த நிம்மதியில் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யாதவருக்கு இரண்டாவது ஊசியே தண்டம்.

முதுகெலும்புக்குப் போகும்போது பேச்சு மாறுகிறது. கழுத்துப் பகுதியில் தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு தமனிகளுக்குள் அந்த வெள்ளைப் படிகங்கள் தவறிப் போனால் அடைத்துக்கொள்ளும். பக்கவாதம், பார்வை இழப்பு, கை கால் செயலிழப்பு, மரணம் வரை அரிதாக நேர்ந்திருப்பதாக 2014 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு நடந்தது வேறு விதக் கோரம். மாசசூசெட்ஸில் ஒரு மருந்துக் கலவைக் கூடம் சுத்தமில்லாமல் தயாரித்த மெத்தில்பிரெட்னிசோலோன் குப்பிகளில் பூஞ்சை வளர்ந்திருந்தது. முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் என்று சுமார் 14,000 பேருக்கு அது போடப்பட்டது. 753 பேர் நோயில் விழுந்ததாகவும் 64 பேர் இறந்ததாகவும் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் கணக்குச் சொன்னது. அங்கே யார் யாருக்கு எந்தத் தொகுதிக் குப்பி போடப்பட்டது என்ற பதிவு இருந்தது. அதனால்தான் ஆளாளுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு எச்சரிக்க முடிந்தது.

நம் ஊரில் சர்க்கரையைப் பேசாமல் ஸ்டீராய்டைப் பேச முடியாது. 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே விகிதம் இதைவிடக் கூடுதல். ஸ்டீராய்டு கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளுகிறது, இன்சுலினின் பேச்சைத் தசைகள் கேட்காமல் செய்கிறது. முழங்காலில் போட்டதுதானே என்று நினைக்கக் கூடாது. மூட்டிலிருந்தும் மருந்து ரத்தத்தில் கசியும். போட்ட நாளிலிருந்து ஒரு வாரம் வரை சர்க்கரை எகிறலாம், குறிப்பாகச் சாப்பாட்டுக்குப் பின். காலை வெறும் வயிற்றில் மட்டும் சோதிப்பவர் இதைத் தவறவிட்டுவிடுவார்.

தோலில் ஒரு சிறு விஷயம். மெலிந்த உடம்பில், மணிக்கட்டு போல எலும்பை ஒட்டிய இடங்களில் போட்டால், அந்த இடம் குழி விழுந்து வெளுத்துப் போவதுண்டு. வெள்ளைக்காரர் தோலில் கண்ணுக்குப் படாத வெண்புள்ளி நம் நிறத்தில் தூரத்திலேயே தெரியும். பெரும்பாலும் மாதங்களில் மறையும். கல்யாணத்துக்கு முன் மாதம் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு இதைச் சொல்லிவிட்டுப் போடுவது மரியாதை.

தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்த தலைமுறைக்கு மறைந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற மண்ணில் வாழும் உருளைப்புழு வகை ஒட்டுண்ணி கால் தோல் வழியாக நுழைந்து, குடலிலேயே குட்டி போட்டுக்கொண்டு பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ் போர்க் கைதிகளின் உடம்பில் நாற்பது ஆண்டுகள் கழித்தும் அது இருந்ததை லிவர்பூல் மருத்துவர்கள் கண்டார்கள். அதே பாதைக்கு மலாயாத் தமிழர்கள் பல பத்தாயிரம் பேர் கொண்டுபோகப்பட்டார்கள். உடம்பின் காவலை ஸ்டீராய்டு தளர்த்தும்போது இந்தப் புழு கட்டவிழ்ந்து நுரையீரல், மூளை வரை பரவும். உயிர் பிழைப்பது அரிது. அதிக அளவு ஸ்டீராய்டு தொடங்கும் முன் தோட்டப் பின்னணி உள்ளவரிடம் இதைக் கேட்டு, தேவைப்பட்டால் ஐவர்மெக்டின் கொடுப்பது விவரம் தெரிந்தவர் பழக்கம். காசநோயும் இப்படித்தான் உறங்கி எழும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 5 மி.கி. பிரெட்னிசோலோன், 4 மி.கி. டிரையம்சினோலோன், 0.75 மி.கி. டெக்சாமெத்தசோன் மூன்றும் ஏறக்குறைய ஒரே வலிமை. முழங்காலில் போடும் 40 மி.கி. டிரையம்சினோலோன் 50 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். அது மட்டும் என்றால் அட்ரீனல் சுரப்பி சில நாளோ சில வாரமோ மந்தமாகிவிட்டு மீண்டுவிடும். ஆனால் ஒருவர் அதோடு டெக்சாமெத்தசோன் கலந்த மக்ஜூனோ ஜாமுவோ தினம் சாப்பிட்டால்? மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மூட்டு வலிக்கென்று விற்கும் பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் கலப்படத்தைக் கண்டு பதிவை ரத்து செய்வது அடிக்கடி நடப்பது. "மால்" பதிவு எண்ணும் ஒளிவில்லையும் ஒட்டியிருந்தவையும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கின்றன. பசி கூடி, முகம் பூரித்து, வலி பறந்துபோக, வாங்கியவர் மருந்தைக் கொண்டாடுவார். சுரப்பி தூங்கிவிடும். ஒருநாள் மருந்து தீர்ந்தோ காய்ச்சல் வந்தோ உடம்புக்குக் கார்ட்டிசோல் தேவைப்படும்போது அது எழாது. வாந்தி, மயக்கம், சரியும் ரத்த அழுத்தத்தோடு அவசரப் பிரிவுக்குப் போவார். அங்கே "ஏதாவது மருந்து எடுத்தீங்களா?" என்று கேட்டால் "இல்லீங்க, நாட்டு மருந்துதான்" என்பார்.

வேடிக்கை என்னவென்றால், மருந்தைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த ஊர் இது. தமிழ்நாட்டில் பிறந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் 1970 தொடங்கி 2019இல் மறையும் வரை தலைமை தாங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் கலப்பட மருந்துகளைப் பற்றித் தமிழிலும் மலாயிலும் எழுதித் தள்ளியது. 1981இல் ஜெனீவாவில் மருந்து நெறிகளுக்கான பன்னாட்டு இயக்கம் உருவாக முன்னின்றவர்களில் ஒருவரான அன்வர் பசலின் அலுவலகம் பினாங்கில்தான் இருந்தது. இலங்கைத் தமிழரான மருந்தியல் அறிஞர் டாக்டர் கே. பாலசுப்பிரமணியம் இங்கிருந்தபடி ஆசிய நாடுகளுக்கு நியாயமான மருந்துக் கொள்கை பற்றிப் பாடம் நடத்தினார். தேசிய நச்சு மையம் 1994 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், கிளினிக்கை விட்டு வெளியே வருபவரிடம் "என்ன ஊசி போட்டாங்க?" என்று கேட்டால் "வலி ஊசி" என்பதுதான் பதில். அது டைக்ளோபினாக்காக இருக்கலாம், வைட்டமினாக இருக்கலாம், டிரையம்சினோலோனாகவும் இருக்கலாம்.

இதில் நோயாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாத்திரை பெயர் ஒட்டிய பொட்டலத்தில் வீட்டுக்கு வருகிறது. பேத்தியாவது படித்துச் சொல்வாள். ஊசி உடம்புக்குள் போய்விடுகிறது, கையில் மிஞ்சுவது பஞ்சும் பிளாஸ்திரியும். கிளினிக்கின் ஏட்டில் எழுதப்பட்டிருக்கும்தான். ஆனால் அந்த ஏடு அடுத்த கிளினிக்குக்கோ அரசு மருத்துவமனைக்கோ நடந்து போகாது. பிரிட்டன் 2020இல் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கென்று சட்டைப்பையில் வைக்கும் அவசர அட்டையைக் கொண்டுவந்தது. விளையாட்டு உலகம் இன்னும் கறார்: 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் எந்த வழியில் போட்ட ஸ்டீராய்டு ஊசிக்கும் தடை என்பதால், ஒவ்வோர் ஊசிக்கும் பதிவு வைத்திருப்பதே ஆட்டக்காரருக்குப் பாதுகாப்பு.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கப் போகிறவரிடம் அறுவை மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, கடைசியாக மூட்டில் ஊசி போட்டது எப்போது என்பது. மூன்று மாதம் ஆகியிருக்கவில்லை என்றால் கிருமித் தொற்று ஆபத்து கூடும் என்று தேதியைத் தள்ளிவைப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகக் கிளினிக்கின் சந்திப்பு அட்டைப் பின்புறத்தில் ஒரு வரி போதும்: டிரையம்சினோலோன் 40 மி.கி., வலது முழங்கால், தேதி, மருத்துவர் கையெழுத்து. எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார்; எழுத அரை நிமிடம் ஆகும்.